ஒக்காம் மொழியில் இரட்டைக் கேள்விக்குறி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு கட்டுப்பாட்டு நிரலில் இரண்டு ப்ராசஸ்கள், அதாவது இணையாக ஓடும் இரண்டு பகுதிகள். ஒன்று முடிவெடுக்கும், மற்றது ஒரு வால்வை இயக்கும். வால்வைப் பார்த்துக்கொள்ளும் ப்ராசஸ் ஒரு கட்டளையை முழுக்க முடித்த பிறகுதான் அடுத்ததை வாங்கும். அதனால் முடிவெடுக்கும் ப்ராசஸ் ‘மூடு’ என்று அனுப்பிவிட்டு, அடுத்து ஒரு வெற்றுச் செய்தியையும் அனுப்புகிறது. வெற்றுச் செய்தி அனுப்பும் வரி முடிந்ததா? அப்படியானால் வால்வு மூடியாயிற்று. உடனே மோட்டாரை ஓடவிடுகிறது.

வேறு சரிபார்ப்பு எதுவும் கிடையாது. தேவையும் இல்லை, ஏனென்றால் இது ஒக்காம் மொழியில் எழுதிய நிரல். இந்த மொழியில் ப்ராசஸ்கள் செய்தி பரிமாறும் வழிக்குச் சேனல் என்று பெயர். சேனலுக்குள் எதுவும் தேங்கி நிற்காது. வாங்குகிற ப்ராசஸ் வந்து வாங்கும் வரை, அனுப்புகிற ப்ராசஸ் அந்த வரியிலேயே நிற்கும். இரண்டும் சந்தித்தால்தான் இரண்டும் நகரும்.

இப்போது யாரோ ஒருவர், “இந்தச் சேனலில் என்னென்ன போகிறது என்று பதிவு செய்து வைக்கலாமே” என்கிறார். நியாயமான ஆசைதான். நடுவில் ஒரு பதிவு ப்ராசஸைச் செருகுகிறோம். இடப்பக்கம் வாங்கும், குறித்துக்கொள்ளும், வலப்பக்கம் அனுப்பும், மறுபடி இடப்பக்கம் வரும். நாலு வரி வேலை.

ஓட்டிப் பார்த்தால் நடப்பது இது. ‘மூடு’ என்பதைப் பதிவு ப்ராசஸ் வாங்கி வால்வுக்குக் கொடுத்துவிடுகிறது. வால்வு மூடத் தொடங்குகிறது. அதற்குள் பதிவு ப்ராசஸ் திரும்பி வந்து வெற்றுச் செய்தியையும் வாங்கிக்கொள்கிறது. முடிவெடுக்கும் ப்ராசஸுக்கு விடுதலை. மோட்டார் ஓடுகிறது. வால்வு இன்னும் பாதி திறந்திருக்கிறது.

யார் எழுதிய வரியிலும் தவறு இல்லை. நடுவில் நின்ற ப்ராசஸ் தன்னையறியாமல் ஒரு செய்தி கொள்ளும் கிடங்காக மாறிவிட்டது, அவ்வளவுதான். இந்தச் சிக்கலுக்காக ஒக்காமில் சேர்ந்த புதுத் தொடர்பு முறைதான் இந்த ஆய்வின் மையம். அதைச் சேர்த்தவர்கள் மொழியில் எதை மாற்றினார்கள், எதைத் தொடாமல் விட்டார்கள் என்பதைப் பார்க்கும்போது, மற்ற விரிவாக்கங்களையும் எடைபோட ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

மொழியும் சில்லும்

கணினியியலாளர் டோனி ஹோர் 1978-இல் வெளியிட்ட ‘கம்யூனிகேட்டிங் சீக்வென்ஷியல் ப்ராசஸஸ்’ கட்டுரையிலிருந்து கிளைத்த மொழி ஒக்காம். அந்தக் கட்டுரையில் ஒரு ப்ராசஸ் இன்னொன்றைப் பெயர் சொல்லியே அழைக்கும். ஒக்காமில் அந்தப் பெயருக்குப் பதிலாகச் சேனல் வந்தது. பிரிட்டனின் பிரிஸ்டலில் இருந்த இன்மாஸ் நிறுவனத்தில் டேவிட் மே தலைமையில் 1983 வாக்கில் மொழி உருவானது. அந்த மொழியை ஓட்டுவதற்கென்றே ட்ரான்ஸ்ப்யூட்டர் என்ற சில்லும் பிறந்தது. 1985-இல் வந்த டி414 சில்லில் நான்கு இணைப்புகள் இருந்தன. ஒரு சில்லை அடுத்ததோடு நேரே கோத்துக்கொண்டே போகலாம்.

சேனலில் அனுப்ப ஓர் ஆச்சரியக்குறி, வாங்க ஒரு கேள்விக்குறி. உள்ளே நடப்பதும் ஏறக்குறைய அதே அளவு எளிமை. ஒரே சில்லுக்குள் இருக்கும் சேனல் என்பது மெமரியில் ஒரே ஒரு சொல்லளவு இடம். அதில் ‘யாரும் இல்லை’ என்று பொருள்படும் ஒரு மதிப்பு இருக்கும். முதலில் வருகிறவர் அனுப்புகிறவரோ வாங்குகிறவரோ, தன் முகவரியை அதில் எழுதிவிட்டு உறங்கப் போகிறார். இரண்டாவதாக வருகிறவர் அந்த முகவரியைப் பார்க்கிறார், தரவை நகலெடுக்கிறார், சேனலைப் பழையபடி காலியாக்குகிறார், உறங்குகிறவரை ஓடும் வரிசையில் சேர்க்கிறார். பூட்டு இல்லை, வரிசை இல்லை, பஃபர் இல்லை. சேனல் இன்னொரு சில்லுக்குப் போகும் கம்பியாக இருந்தாலும் நிரலில் ஒரு எழுத்துகூட மாறாது. முகவரியைப் பார்த்தே சில்லு புரிந்துகொள்ளும்.

இது ஓட, சேனலின் ஒவ்வொரு முனையிலும் ஒரே ஒரு ப்ராசஸ்தான் இருக்க வேண்டும். அதைக் கம்பைலரே, அதாவது நிரலைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருளே, சரிபார்த்தது. இணையாக ஓடும் இரண்டு ப்ராசஸ்கள் ஒரே மாறியில் எழுதுவதையும் அதுவே தடுத்தது. எவ்வளவு மெமரி தேவை என்பதுகூடக் கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடும். மொழியில் ரிகர்ஷன் (ஒரு நிரல்பகுதி தன்னையே அழைப்பது) கிடையாது, ஓடும்போது புதிதாக மெமரி கேட்கவும் வழியில்லை. கைகால் கட்டிய மாதிரி இருந்தது என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கட்டுகள்தான் மொழி கொடுத்த வாக்குறுதிகள்.

இன்மாஸ் 1989-இல் எஸ்ஜிஎஸ்-தாம்சன் கைக்குப் போனது. 1992-இல் ஒக்காம் 3-க்கான வரைவு வந்தது, ஆனால் இன்மாஸிலிருந்து முழுக் கம்பைலராக வெளிவரவில்லை. அப்புறம் மொழியை உயிரோடு வைத்திருந்தது இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகம். அங்கே பீட்டர் வெல்ச், ஃப்ரெட் பார்ன்ஸ் ஆகியோரின் குழு க்ராக் என்ற கம்பைலர் மூலம் ஒக்காமைச் சாதாரணக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. 2000-களில் அதை விரித்து ஒக்காம்-பை ஆக்கியதும் அவர்களே.

சந்திப்பை நீட்டுவது

பதிவு ப்ராசஸ் சிக்கலுக்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு, ஒப்புகைக்காக இன்னொரு சேனல். அனுப்புகிறவர் செய்தியைக் கொடுத்துவிட்டு, எதிர்த்திசைச் சேனலில் பதிலுக்குக் காத்திருக்கட்டும். வேலை செய்யும். ஆனால் அதற்கு அனுப்புகிறவரின் நிரலைத் திருத்த வேண்டும். கம்பைல் செய்து வைத்த நூலகத்துக்குள் அவர் இருந்தால் அதுவும் முடியாது. நாளைக்குப் பதிவு வேண்டாம் என்று எடுத்துவிட்டால், இல்லாத ஒப்புகைக்காக அவர் காலமெல்லாம் காத்திருப்பார்.

கென்ட் குழு செய்தது வேறு. வாங்கும் கேள்விக்குறியை இரட்டிப்பாக்கினார்கள். ‘??’ என்று எழுதி வாங்கினால் தரவு கைக்கு வரும், ஆனால் அனுப்பினவருக்கு விடுதலை கிடைக்காது. அதன் கீழே உள்தள்ளி எழுதிய நிரல்பகுதி முடிந்த பிறகுதான் அவர் நகர்வார். இதற்கு நீட்டித்த சந்திப்பு என்று பெயர். பதிவு ப்ராசஸில் ஒற்றைக் கேள்விக்குறியை இரட்டையாக்கி, வலப்பக்கம் அனுப்பும் வரியை அதன் கீழே உள்தள்ளினால் போதும். வெற்றுச் செய்தியை வால்வு வாங்கும் வரை முடிவெடுக்கும் ப்ராசஸ் தன் வரியிலேயே நிற்கும். மோட்டார் சரியான நேரத்தில் ஓடும்.

சந்திப்பை நீட்டும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. 1983-இல் தரப்படுத்தப்பட்ட ஏடா மொழியில் அழைத்தவர், ஏற்றவரின் உடல்பகுதி முடியும் வரை நிற்பார். ஒக்காமில் புதுமை எங்கே என்றால், அதை எவ்வளவு மலிவாகச் சாதித்தார்கள் என்பதில். மேலே சொன்ன ஒரு சொல்லளவு சேனலை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வாங்குதலில் ‘நகலெடு’, ‘காலியாக்கி எழுப்பிவிடு’ ஆகிய இரண்டும் ஒரே அடியாக நடக்கும். நீட்டித்த வாங்குதலில் இரண்டையும் பிரிக்கிறார்கள். அனுப்புகிறவர் வரும் வரை காத்திரு, தரவை நகலெடு, அவர் முகவரியைச் சேனலிலேயே விட்டுவை. நடுப்பகுதி ஓடட்டும். கடைசியில் சேனலைக் காலியாக்கி அவரை எழுப்பு. அனுப்பும் கட்டளையில் பெரிதாக மாற எதுவும் இல்லை. நீட்டிப்பைப் பயன்படுத்தாத நிரல் அதற்காக எதையும் இழக்கவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான். மாற்றம் முழுக்க ஒரு முனையில். எதிர்முனையில் இருப்பவருக்கு எதுவுமே தெரிய வேண்டியதில்லை.

ஆபத்து இல்லாமல் இல்லை. உள்தள்ளிய பகுதிக்குள் அதே சேனலில் மறுபடி வாங்கப் பார்த்தால், உறங்கிக் கிடப்பவரிடம் கைநீட்டுவது போல ஆகிவிடும். கம்பைலரால் இதைப் பிடிக்க முடியும். ஆனால் வேறொரு சேனல் வழியாகச் சுற்றிவளைத்து அதே அனுப்புநரின் பதிலுக்குக் காத்திருந்தால்? டெட்லாக், அதாவது ஒருவரையொருவர் எதிர்பார்த்து எல்லோரும் முடங்குவது. அதைக் கம்பைலர் பிடிக்காது, வடிவமைப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட பதிவு ப்ராசஸ்களைச் சங்கிலியாகக் கோத்தால் சந்திப்பும் சங்கிலி முழுக்க நீளும். கடைசி ஆள் தாமதித்தால் முதல் ஆள் வரை எல்லோரும் நிற்பார்கள். நாம் கேட்டதும் அதைத்தானே.

தேர்வு செய்யும் இடம்

இனி, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு நுணுக்கம். ஒக்காமில் ‘ஆல்ட்’ என்ற அமைப்பு உண்டு. பல சேனல்களில் எதில் முதலில் செய்தி வருகிறதோ அதை வாங்கிக்கொள்ளலாம், நேரக்கெடுவும் வைக்கலாம். ஆனால் இந்தத் தேர்வுரிமை வாங்குகிறவருக்கு மட்டும்தான். ‘இந்தச் சேனலில் கொடுக்கிறேன், அல்லது அந்தச் சேனலில், யார் முன்னே வருகிறாரோ அவருக்கு’ என்று அனுப்புகிறவர் சொல்ல முடியாது. அனுப்பும் வரிக்கு வந்துவிட்டால் அனுப்பியே ஆக வேண்டும். பின்வாங்க வழியில்லை.

காரணம் அந்த ஒரு சொல்லளவு இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் உறுதியாக இருந்தால், மறுபக்கம் மட்டும் முடிவெடுத்தால் போதும். இரு பக்கமும் மனம் மாறலாம் என்றால், ‘நான் உன்னைத் தேர்ந்தேன், நீயும் என்னைத்தான் தேர்ந்தாயா?’ என்று ஒரு பேச்சுவார்த்தையே நடக்க வேண்டும். ஒரே மெமரியில் இருந்தால் சமாளிக்கலாம். கம்பியின் இரு முனைகளில் தனித்தனிச் சில்லுகள் இருந்தால் அது பெரும் செலவு.

2009-இல் வெளியான கோ மொழியைப் பாருங்கள். அதன் ‘செலக்ட்’ அமைப்பில் அனுப்புதலும் வாங்குதலும் கலந்தே வரலாம். அதற்காக அதன் ரன்டைம், சம்பந்தப்பட்ட எல்லாச் சேனல்களின் பூட்டுகளையும் மெமரி முகவரி வரிசையில் பிடிக்கிறது. எல்லோரும் ஒரே வரிசையில் பிடித்தால் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து முடங்க மாட்டார்கள் அல்லவா, அதற்காக. எந்தச் சேனலை முதலில் சோதிப்பது என்பதைக் குலுக்கலில் விடுகிறது. எல்லாச் சேனல்களும் ஒரே மெமரியில் இருப்பதால் இது கைகூடுகிறது. ஜாவாவுக்காகக் கென்ட்டில் எழுதிய ஜேசிஎஸ்பி நூலகத்திலும் பின்னாளில் இரு பக்கமும் தேர்வு செய்யக்கூடிய சேனல்கள் வந்தன. அவை தனி வகை. சாதாரணச் சேனலைவிடச் செலவு அதிகம், வேண்டுமென்று கேட்டால்தான் கிடைக்கும்.

சரி, இதற்கும் இரட்டைக் கேள்விக்குறிக்கும் என்ன தொடர்பு? இருக்கிறது. நடுவில் செருகிய பதிவு ப்ராசஸ் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணமே, அனுப்புகிறவருக்குப் பின்வாங்கும் உரிமை இல்லை என்பதுதான். அவர் எப்படியும் நிற்கத்தான் போகிறார். வால்வுக்காக நேரே நின்றாலும், பதிவு ப்ராசஸிடம் கொடுத்துவிட்டு நின்றாலும் அவருக்கு ஒன்றே. இதே அனுப்புநருக்கு, ‘வால்வு தயார் என்றால் கொடு, ஒரு நொடிக்குள் வராவிட்டால் எச்சரிக்கை மணி அடி’ என்று எழுத முடிந்திருந்தால்? நேரடிச் சேனலில் வால்வு தயாராக இல்லாவிட்டால் மணி அடிக்கும். பதிவு ப்ராசஸ் நடுவில் இருந்தால், அது உடனே வாங்கிக்கொள்ளும். அனுப்புநரின் தேர்வு முடிந்துபோகும். அப்புறம் வால்வு எத்தனை நேரம் தாமதித்தாலும் மணி அடிக்காது.

ஆக, நீட்டித்த சந்திப்பும் அனுப்புநரின் தேர்வுரிமையும் ஒரே சேனலில் சேர்ந்து வாழ முடியாது. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே நல்ல வசதிகள். ஒரு மொழியில் புதுத் தொடர்பு முறையைச் சேர்க்கும்போது அதை மட்டும் சோதித்தால் போதாது, ஏற்கெனவே உள்ள ஒவ்வொன்றோடும் ஜோடி சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இடம்பெயரும் தரவு, இடம்பெயரும் சேனல்

பழைய ஒக்காமில் சேனலில் போவது நகல். பெரிய படம் ஒன்றைப் பத்து ப்ராசஸ்கள் வழியாக அனுப்பினால் பத்து முறை நகலெடுக்க வேண்டும். பாயிண்டரை, அதாவது தரவு இருக்கும் முகவரியை மட்டும், அனுப்பலாம்தான், ஆனால் அப்போது இருவர் கையிலும் ஒரே தரவு இருக்கும், மொழியின் முதல் வாக்குறுதியே உடையும். ஒக்காம்-பையில் ‘மொபைல்’ என்று அறிவித்த தரவு, பாயிண்டராகத்தான் போகிறது. ஆனால் அனுப்பின கணமே அனுப்பினவரின் மாறி வெறுமையாகிவிடும். அதன் பிறகு அதைத் தொட்டால் கம்பைலர் எச்சரிக்கும். கம்பைலரால் தீர்மானிக்க முடியாத இடங்களில், மாறியில் ஏதாவது இருக்கிறதா என்று நிரலே கேட்டுப் பார்க்க ஒரு வழியும் உண்டு. ரஸ்ட் மொழி 2015-இல் 1.0 பதிப்பாக வந்தபோது, சேனலில் அனுப்பிய மதிப்பை மறுபடி தொட முடியாது என்பது பலருக்கும் புதுமையாக இருந்தது. ஒக்காம்-பை பழகினவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த வீடு.

இங்கே அனுப்புகிறவருக்குத் தெரியாமல் முடியாது, ஏனென்றால் அவர் கையிலிருந்ததே போய்விடுகிறது. அதனால்தான் அதை அறிவிப்பிலேயே எழுதச் சொன்னார்கள். எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாமல் செய்ய முடியுமா, முடியாவிட்டால் கம்பைலராவது சொல்லிவிடுமா? எந்த விரிவாக்கத்திடமும் நான் கேட்பது இந்த இரண்டைத்தான்.

சேனலின் முனையையே இன்னொரு சேனலில் அனுப்பும் வசதிக்கு இந்தக் கேள்விகளில் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். மில்னர், பாரோ, வாக்கர் மூவரும் 1992-இல் வெளியிட்ட பை-கால்குலஸ் என்ற கணிதக் கோட்பாட்டிலிருந்து வந்த எண்ணம் அது. மொழியின் பெயரில் ஒட்டியிருக்கும் ‘பை’யும் அங்கிருந்துதான். யார் யாரோடு பேசுகிறார் என்ற வரைபடம் அதன்பின் ஓடும்போதே மாறும். ஒரு முனையைப் பலர் பகிர்ந்துகொள்ளவும் வழி செய்தார்கள். பயன்படுத்தும் முன் உரிமை கோர வேண்டும், வந்த வரிசையில் கிடைக்கும். புது ப்ராசஸ்களை ஓடும்போதே கிளப்பவும் முடிந்தது. அப்படிக் கிளப்பும்போது கொடுக்கும் மதிப்புகளும் சேனலில் அனுப்பியதாகவே கணக்கு, மொபைல் தரவு என்றால் கொடுத்தவர் கையிலிருந்து போய்விடும். இந்தப் பொருத்தம் அழகானது. ஆனால் எவ்வளவு மெமரி வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த காலம் அதோடு முடிந்தது. இரண்டு பகிர்முனைகளை இருவர் எதிரெதிர் வரிசையில் கோரினால் டெட்லாக் ஆகும், கம்பைலர் வாய் திறக்காது. லட்சக்கணக்கான ப்ராசஸ்களைக் கொண்டு உயிரினக் கூட்டங்களைப் போலச் செய்து பார்ப்பவர்களுக்கு இந்த விலை சரி. எனக்கு முதலில் சொன்ன வால்வு நிரலை எழுத வேண்டியிருந்தால், இந்தப் பகுதியை மூடியே வைப்பேன்.

எர்லாங்கில் அதே சோதனை

அளவுகோல் ஒக்காமுக்கு மட்டும்தானா என்று பார்க்க, நேர் எதிர்த்துருவமான எர்லாங் மொழியை எடுத்துக்கொள்ளலாம். அங்கே சேனல் இல்லை, சந்திப்பும் இல்லை. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஓர் அஞ்சல்பெட்டி, அனுப்புகிறவர் போட்டுவிட்டுப் போய்விடுவார். அங்கே பல காலமாக இருந்த தொல்லை, காலம் கடந்து வரும் பதில். ஒரு சர்வரிடம் கேள்வி கேட்டு, நேரக்கெடு முடிந்து, கேட்டவர் அந்தப் பிழையைச் சமாளித்துத் தன் வழியே போன பிறகு பதில் வந்து பெட்டியில் விழும். யாருக்கும் வேண்டாத அந்தக் கடிதம் பெட்டியிலேயே கிடக்கும்.

எர்லாங் ஓடிபி என்ற பெயரில் வெளியாகும் தொகுப்பின் 2021-இல் வந்த ஓடிபி 24 பதிப்பில் இதற்கு ‘ஏலியாஸ்’ என்ற வசதி சேர்ந்தது. ப்ராசஸ் தனக்கு ஒரு தற்காலிகப் பெயர் வைத்துக்கொள்ளலாம், வேண்டாதபோது அதை அணைத்துவிடலாம். அணைத்த பெயருக்கு வரும் செய்தி பெட்டிக்குள் வராமலே கைவிடப்படும். கேள்வி கேட்கும் நூலகம் இந்தப் பெயரைக் கேள்வியோடு போகும் அடையாளக்குறிக்குள்ளேயே பொதிந்து அனுப்புகிறது. புதிய சர்வர் அதைக் கண்டுகொண்டு ஏலியாஸுக்குப் பதில் போடும். பழைய பதிப்பில் ஓடும் இன்னொரு கணினியின் சர்வருக்கு அது வெறும் அடையாளக்குறி. வழக்கம்போல ப்ராசஸின் நேரடி முகவரிக்கே, அந்தக் குறியைச் சேர்த்துப் பதில் போடும். அதுவும் சரியாகப் பொருந்தும். காலம் கடந்த பதிலிலிருந்து பாதுகாப்பு மட்டும் அங்கே கிடைக்காது.

2025-இல் வந்த ஓடிபி 28, இதே ஏலியாஸின் தோளில் ஏறி முன்னுரிமைச் செய்திகளைக் கொண்டுவந்தது. முன்னுரிமைச் செய்தி, பெட்டியில் காத்திருக்கும் சாதாரணச் செய்திகளுக்கு முன்னால் போய் நிற்கும். இது தொடுவது ஒரு பெரிய வாக்குறுதியை, அதாவது ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் செய்திகள் அனுப்பிய வரிசையிலேயே பெட்டியில் இருக்கும் என்பதை. அதனால் யார் வேண்டுமானாலும் முண்டியடித்துக்கொண்டு வர விடவில்லை. வாங்கும் ப்ராசஸ் முன்னுரிமைக்கென்று ஓர் ஏலியாஸை உருவாக்கி, தான் விரும்பும் ஆளிடம் கொடுக்க வேண்டும். அனுப்புகிறவரும் அந்த ஏலியாஸுக்கு அனுப்பும்போது முன்னுரிமை என்று தனியே குறிப்பிட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் செய்தி சாதாரண வரிசையில்தான் நிற்கும்.